பத்து எண்ணும் வரை

கரமனை
11.06.2025, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவுக்கு இரண்டாவது கீமோ ஏற்றிவிட்டார்களா? இந்தத் தாளை டிபன் கேரியர் பையின் அடியில் வைக்கிறேன். உங்கள் வார்டைத் துடைக்கிற பக்கத்து வீட்டு சுஜா அக்கா கையில்தான் பையைக் கொடுக்கிறேன், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கும்வரை நமக்கு இதுதான் வழி.

தமிழில் எழுதினால் பயமில்லை. அப்பாவும் அத்தையும் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. சங்கரன்கோவிலில் எட்டாவது வரை படித்த நீ எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, "இவளுக்கு இது எதுக்கு? பரோட்டா வீசவா?" என்று அப்பா கேட்டாரே, இதற்குத்தான்.

இப்போதும் அத்தை படுத்த இடத்திலிருந்தே கேட்டாள்: "எடீ, பாதி ராத்திரியில என்ன எழுத்து? கரண்டு பில்ல உங்கப்பனா கெட்டுவான்? அவனே தொண்ட போயிக் கெடக்கான்." இந்தி ஹோம்வொர்க் என்றேன்.

அம்மா, வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்று நீ அழுதபோது நான் குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. குரலைத்தான் எடுத்தார்கள். கை அப்படியே இருக்கிறது.

நீ மட்டும் ஒரு நாள் வந்துவிட்டுப் போகக் கூடாதா?

உன் மகள்
இசக்கிசெல்வி


ஆஸ்பத்திரி
14.06.2025

என் கண்ணு செல்விக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ அனுப்பிய துவையலில் உப்பு கூடுதல், ஆனாலும் வழித்துச் சாப்பிட்டேன். கீமோ ஏறிய நாளிலிருந்து அப்பாவுக்கு வாந்தி. கழுத்தில் ரேடியேஷன் கரண்ட் வைக்கிற இடம் கறுத்துத் தோல் உரிகிறது. மூக்குக் குழாயில் பால் ஊற்றுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஒரு நோயாளிக்கு ஒரு கூட்டிருப்புதான், துணைக்கு ஒரே ஆள்தான் என்பது இங்கே சட்டம். பாஸ் என் பெயரில் இருக்கிறது. நான் வெளியே வந்துவிட்டால் அவருக்கு யார்? அதனால் வரச் சொல்லாதே, தாயே.

என் முன்கையில் அவர் தோசை திருப்புகிற சட்டுவத்தைக் காய்ச்சி வைத்த தழும்பு இருக்கிறதல்லவா, நேற்று அதைத் தடவிக்கொண்டே தூங்கினார். என்ன நினைத்தாரோ.

கழுத்து ஓட்டையில் சளி அடைத்தால் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டுவார். நான் மெஷின் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அவர் தட்டியதும் நான் எழுந்திருப்பதில்லை. மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கிறேன். பதினாறு வருஷத்தில் எனக்கென்று கிடைத்தது அந்தப் பத்துதான்.

தலைக்கு எண்ணெய் வை. கதவைத் தாழிட்டுப் படு.

அம்மா
பேச்சி


கரமனை
16.06.2025, இரவு

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். பத்து போதாது. இருபது எண்ணு. அதில் பத்து எனக்காக.

போன வருஷம் கணக்குப் பரீட்சையில் குறைந்த மார்க்குக்கு ஒன்று வீதம் என்னைப் பெல்ட்டால் அடித்தாரே, அப்போது நீதான் எண்ண வேண்டும் என்று உன்னைப் பக்கத்தில் நிறுத்தினார். நீ எண்ணினாய். பதினேழு. ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை. அதற்காக நான் கோபப்படவில்லை அம்மா. உனக்கு எண்ணத் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது கீமோ ஜூலையில் என்று சுஜா அக்கா சொன்னாள். அதற்கு முன்னால் நாம் போய்விடலாம். பாஸை அத்தை பெயருக்கு மாற்றிக் கொடு, அவள் தம்பிதானே. நீ தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. நான் பள்ளிக்கூடப் பையோடு வருகிறேன். சங்கரன்கோவிலுக்கு, மாமா வீட்டுக்கு. இரண்டு பேரும்.

என் கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் செல்வி


ஆஸ்பத்திரி
28.06.2025

என் செல்லத்துக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அவர் கண் மூடுவதே இல்லை. உன் கையெழுத்தைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்கேன் படம் வைத்திருக்கிற கவருக்குள் போட்டிருக்கிறேன்.

புதன்கிழமை முப்பது வரை போனேன். உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து, "எந்தா சேச்சி, உறங்கிப்போயோ?" என்று சத்தம் போட்டாள். ஆமாம், தூங்கிவிட்டேன் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என்னால் இங்கே இருக்க முடியாது. ஜூலை மூன்றாம் தேதி வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் தம்பானூர். நர்ஸிடம் போன் வாங்கி மாமாவுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஒரு வேடிக்கை கேள். பக்கத்துக் கட்டிலில் நாகர்கோவில்காரர் ஒருவர், பூதலிங்கம் அண்ணாச்சி, தினமும் தமிழ்ப் பேப்பர் வாங்குகிறார். இரண்டு வாரமாக அப்பா அவரிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறார். "அம்பது வயசுல அரிச்சுவடியா வே?" என்று அண்ணாச்சி கேலி செய்தபோது, அப்பா ஸ்லேட்டில் மலையாளத்தில் ஏதோ எழுதிக் காட்டினார். மலையாளமும் தெரிந்த அண்ணாச்சிதான் வாசித்துச் சொன்னார்: "மகளுக்கு ஒரு கடிதம் எழுதணுமாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமைதான். மனசை மாற்ற மாட்டேன்.

அம்மா


கரமனை
29.06.2025, இரவு

அம்மா,

உடனே கிழி. இதையும் எல்லாவற்றையும். கிழிக்க இடமில்லை என்றால் வாயில் போட்டு மென்று விழுங்கு.

அது வேடிக்கை இல்லை. அவருக்குக் குரல்தான் போனது, புத்தி போகவில்லை. மலையாளம் எழுதத் தெரிந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டு வாரம் போதும். டாக்டர் ரவுண்டு வரும்போது ஸ்கேன் கவரை எடுத்து நீட்டுகிறவரே அவர்தானே. நீ எப்படி அதில் வைத்தாய்?

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல் என்று திட்டாதே. கிழித்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. காலிக் கேரியர் வரும்போது பையைத்தான் முதலில் பார்ப்பேன்.

செல்வி


ஆஸ்பத்திரி
02.07.2025

செல்விக்கு அப்பா எழுதுவது.

இது என் முதல் தமிழ்க் கடிதம். அண்ணாச்சி திருத்தவில்லை. நானே எழுதினேன்.

உன் கடிதம் எல்லாம் படித்தேன். ஒன்றுக்கு ஒரு நாள் ஆனது. இருபது எண்ணு என்று இருந்தது. தப்பாகப் படித்தேனோ என்று மறுபடியும் படித்தேன். சரியாகத்தான் படித்தேன்.

கடைசிக் கடிதம் அம்மா கைக்குப் போகவில்லை. பையை நான் வாங்கினேன்.

உன் மாமாவை வரவழைத்தேன். கடிதத்தைக் காட்டினேன். போலீஸ் என்று ஸ்லேட்டில் எழுதினேன். நேற்று உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மகளை என்ன செய்யட்டும் என்று எழுதிக் காட்டினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது.

பாஸ் அத்தை பெயரில் இருக்கும். வருவது நீ. பள்ளிக்கூடம் அப்புறம். ஸ்பூன் இங்கே இருக்கிறது.

அப்பா
வேல்சாமி


ஆஸ்பத்திரி
12.07.2025, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமா வீட்டு விலாசத்துக்கு இது மூன்றாவது கடிதம். சுஜா அக்காதான் தபாலில் போடுகிறாள். அங்கே ஆள் இல்லையென்றால் கடிதம் திரும்பி வந்துவிடும் என்றாள். ஒன்றும் திரும்பி வரவில்லை.

அப்பாவின் கடிதத்தைப் படித்த பிறகும் அந்த வியாழக்கிழமை நான் தம்பானூருக்குப் போனேன். இரண்டு மணி வரை நின்றேன். தென்காசி பஸ் இரண்டு போயின. பிறகு இங்கே வந்துவிட்டேன்.

மூன்றாவது கீமோ ஏற்றியாயிற்று. பால் ஊற்றுகிறேன், துடைக்கிறேன். "இந்த வயசுல இப்படிப் பாக்க ஒரு பிள்ள! வேல்சாமி, நீரு குடுத்து வச்சவரு வே," என்கிறார் பூதலிங்கம் அண்ணாச்சி. அப்பா தலையாட்டுகிறார்.

அவர் என்னை அடிப்பதில்லை. தட்டுகிறார். சளி இல்லாதபோதும் தட்டுகிறார். நான் வந்து நின்றதும் எத்தனை நொடி ஆனது என்று விரலை நீட்டிக் காட்டுகிறார். முதல் நாள் நான்கு விரல். இப்போது ஒன்று.

நேற்று நிஜமாகவே அடைத்தது. உதடு நீலமானதைப் பார்த்தேன். எண்ணலாம் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றுகூட வரவில்லை அம்மா. கை தானாக மெஷினைப் போட்டுவிட்டது. மூச்சு வந்ததும் ஸ்லேட்டை எடுத்துத் தமிழில் எழுதினார்: 'உன் அம்மா முப்பது. நீ பூஜ்யம்.' அந்தப் புதன்கிழமை அவரும் எண்ணியிருக்கிறார். விடியும்வரை அதை அழிக்க விடவில்லை.

இனி நமக்கென்று ஓர் எழுத்து இல்லை. எதில் எழுதினாலும் படித்துவிடுவார். அதனால் நீ பதில் எழுத வேண்டாம். வந்தால் போதும்.

ஸ்பூன் சத்தம் கேட்கிறது, போக வேண்டும். நானும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ எத்தனை வரை எண்ணுவாய், அம்மா?

செல்வி