இரண்டு விரல் போன செய்தி

அன்பு அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். இப்படித்தான் ஆகும் என்று முதலிலேயே சொன்னவன் நான்தான். உனக்கு உடம்பு சுகமா? அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா?

இன்சுலின் ஊசியோடு அலைந்த எனக்கு, வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனில் நாற்பது கிலோ இறங்கியதும் சர்க்கரை ஓடியே போயிற்று. திரும்பி வரும் என்று பெரிய டாக்டருக்கே பாடம் எடுத்தேன். வந்துவிட்டது. போன மாதம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவன், "அண்ணே, செருப்பெல்லாம் ரத்தம்!" என்று அலறினான். "துணிச் சாயம்டா, போய் வேலையப் பாரு" என்றேன். வலிக்கவே இல்லை, அவ்வளவு நெஞ்சுரம் எனக்கு! இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். மீதி எட்டு இருக்கிறதே! ஆனால் புண் ஆறுவதாக இல்லை. பாதமும் போகும் என்கிறார்கள். டாக்டர் இப்போது என்னோடு சிரிப்பதில்லை.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. கட்டுத்துணி இங்கேயே கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்பு.

ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது, சீக்கிரம் முடிக்கிறேன். அதே ஆபரேஷன் செய்துகொண்ட நீயும் என்னைப் பார்த்து சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாக உன் மகள் போனில் சொன்னாள். இன்றைக்கே உன் டாக்டரைப் போய்ப் பார், அக்கா. மாத்திரையே வேண்டாம் என்று என் டாக்டர் சொன்னதாக எழுதினேனே, அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

உன் தம்பி