மெரூன் கரை வைத்த கோட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. சளி, காய்ச்சல் ஏதுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மனசை மட்டும் கேட்காதே, நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. அன்றைக்கு நான் கத்த ஆரம்பித்ததும் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி. உன் அக்கா சுகமாக இருக்கிறாள், அவள் மகனுக்கு முன்பல் விழுந்து சிரிக்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை, மாடி ஒழுகலைச் சரிசெய்ய வருகிறேன் என்ற ஆள் இன்னும் வரவில்லை. வீட்டு நியூஸ் அவ்வளவுதான். இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

அந்த மனுஷன் உன்னிடம் என்ன சொன்னான்? இது இன்டர்வியூ எல்லாம் இல்லம்மா, ஹோட்டல்ல சும்மா ஒரு காபி குடிச்சுட்டுப் பேசலாம், சாதாரணமா வாங்க என்றானாம். யாருக்குச் சாதாரணம் என்று கேட்கிறேன். அவன் வட்டக் கழுத்து பனியனும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவான், கம்பெனி முதலாளி என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கென்ன. என் பெண் பாலிஷ் போட்ட ஷூவும் தேய்த்து மடிப்புக் கலையாத கோட்டுமாக எதிரே போய் நின்று வணக்கம் சொல்ல வாயைத் திறக்கும்போதே, கோட்டை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வாங்க, ஐஸ் போடாதீங்க என்கிறான். நீயும் போய்க் கொண்டுவந்தாய்! அதைக் கேட்டபோது எனக்கு உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது, என்னடி இவள் இப்படி ஒரு அப்பாவி என்று. பிறகு நீ சொன்னாயே, கிளாஸை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நீங்க பார்க்கணும்னு சொன்ன பொண்ணு நான்தான் சார் என்றாய் என்று, அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டதாம். நீ வரைந்த கட்டடப் படங்களை விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்தானாம், சொல்லி அனுப்புறோம் என்று எழுந்து போய்விட்டானாம், அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. தப்புப் பண்ணினவன் அவன், வெட்கப்பட்டவன் அவன், வேலை போனது மட்டும் உனக்கா? இந்த மாதக் கடைசியோடு உன் ஆபீஸை இழுத்து மூடப்போகிறார்கள், அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று நீ வேறு அழுகிறாய். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்னொன்றும் கேட்கிறேன், அந்த ஹோட்டல் பிள்ளைகள்தான் கொண்டுவந்திருந்தாலும் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா அவனுக்கு?

இதற்கெல்லாம் ஆரம்பம் உன் மாமா. என் கூடப் பிறந்தவன் என்பதற்காக விட்டுவிட மாட்டேன். நீ அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, முதல் பார்வையிலயே எல்லாம் முடிஞ்சுடும் அத்தான், கோட்டு இல்லாம போனா ஒரு பய மதிக்கமாட்டான் என்று உன் அப்பாவின் காதைக் கடித்தான். அவனுடைய ஆபீஸுக்கு அவன் போடுவது அதே காக்கிப் பேண்ட்டும் காலர் நைந்த சட்டையும்தான், கோட்டைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் செக்யூரிட்டிக்கும் ஹோட்டல்களுக்கும் யூனிஃபார்ம் தைக்கிற மனுஷர். அவர் கண்ணுக்கு உலகத்திலேயே கம்பீரமான உடுப்பு எது என்றால் பெரிய ஹோட்டல் வரவேற்பில் நிற்பவர்கள் போடுகிற கோட்டுதான். கருநீலத் துணியில் உசத்தியானதைத் தேடி எடுத்து, கழுத்துப் பட்டியில் மெரூன் கரை வைத்து, பித்தளை நிறத்தில் பட்டன் போட்டு, ராஜாத்தி மாதிரி இருக்கணும் என் பொண்ணு என்று பாடிக்கொண்டே தைத்தார். இடது மார்பில் பெயர்ப் பட்டை குத்துவதற்கு உள்ளே தடித்த துணி கொடுத்து இரண்டு சின்னத் துளை வைத்திருந்ததே, பார்த்தாயா? கை பழக்கத்தில் அதையும் வைத்துவிட்டார்! நீ அதை ஏதோ ஃபேஷன் என்று நினைத்தாயாம். நான்தான் தேய்த்து, டிஷ்யூ பேப்பர் வைத்து, பார்சல் கட்டினேன், எனக்கும் அது உறைக்கவில்லை. இந்த வீட்டில் யாருக்குமே அது ஹோட்டல் கோட்டாகத் தெரியவில்லை, உன் கோட்டாகத்தான் தெரிந்தது.

அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா என்று நீ சொன்னாய். சொல்லாமல்தான் இருந்தேன், எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால், கோட்டைப் பத்தி ஏதாவது சொன்னாளா? படுக்கப் போனால், அவங்க கோட்டைப் பார்த்து என்ன சொன்னாங்களாம்? பட்டன் கடைக்காரரிடம் போய், என் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் என் பொண்ணு பெரிய ஆளுங்களோட காபி குடிச்சா என்று பெருமை அடித்துவிட்டு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் நீ கூப்பிட்டு, இன்னொரு கம்பெனியில் ஒரு மேடம் காபிக்கு வரச் சொல்கிறார், நான் போகப்போவதில்லை, எனக்கு எதைப் போடுவது என்றே தெரியவில்லை என்றாய். இவர் காதில் விழுந்தது காபி மட்டும்தான். மறுநாள் காலையில் பார்க்கிறேன், அதே கருநீலத் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரியும் வைத்தாகிவிட்டது. இந்தத் தடவை பட்டன் ரெண்டு வரிசை என்கிறார் சிரித்துக்கொண்டு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, போதும்யா உங்க கோட்டு, அதைப் பார்த்துட்டுத்தான் உங்க பொண்ணைத் தண்ணி கொண்டு வரச் சொன்னான் என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். மன்னித்துக்கொள், இல்லை, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, சொன்னது சரிதான்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்திரியைக் கீழே வைத்தார். அவ உக்காந்தாளா என்று கேட்டார். உட்கார்ந்தாள் என்றேன். உக்காந்தப்போ கோட்டு கழுத்துக்கிட்ட ஏறுச்சாமா என்றார். எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண்ணை ஒருத்தன் அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறான், இந்த மனுஷர் கழுத்தைப் பற்றிக் கேட்கிறார். ஏறுச்சாம், பேசின நேரமெல்லாம் இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தாளாம், போதுமா என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஏறத்தான் செய்யும், நான் தைச்சதெல்லாம் நின்னுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, உக்காருறவங்களுக்கு நான் இதுவரைக்கும் தைச்சதே இல்லையே என்று. சின்னவளே, அதோடு என் சண்டை முடிந்தது. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன், வேறென்ன செய்ய. ஆனால் நீ கொண்டுவந்த தண்ணீரை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததை மறுபடி அவரிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன்.

அதனால் போகப்போவதில்லை என்ற பேச்சே கூடாது. ஒருத்தன் முட்டாளாக இருந்தான் என்பதற்காக நீ எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்? அந்த மேடத்துக்கு நீயே போன் போட்டு, எந்த இடம், அங்கே உங்கள் ஆட்கள் எப்படி உடுத்திக்கொண்டு வருவார்கள் என்று வாய்விட்டுக் கேள். கேட்டால் தலை போய்விடாது. சாதாரணமா வா என்று சொன்னவர்கள்தான் அதற்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறாயே, அதைத் தேய்த்துப் போட்டுக்கொள், கையை மேலே தூக்கிப் பார், உட்கார்ந்து பார், எங்கும் பிடிக்கவில்லையென்றால் அது போதும். காலைக் கடிக்காத ஷூவைப் போடு. தோழியிடம் இரவல் வாங்கிப் போடாதே, பாதி நேரம் கறை படுமோ என்றே பயந்துகொண்டிருப்பாய். உன் மாமா போன் பண்ணினால் எடுக்காதே. பழைய கோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அவமானம் எதுவும் அந்தக் கோட்டில் இல்லை.

நல்ல வேலை கிடைத்து, நல்ல மனுஷர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, நீ நிம்மதியாக இருக்க வேண்டும். உன் அப்பாவும் நானும் அதைத்தான் காலையும் மாலையும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் நேரம் பார்க்காமல் கூப்பிடு.

மறந்துவிடப் போகிறேன், உன் அப்பா மேசையில் விரித்த துணியை இன்னும் மடிக்கவில்லை. மெரூன் கரையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார், பெயர்ப் பட்டைத் துளையும் கிடையாதாம். காபிக்கு வேண்டாம், வேலையில் சேர்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். டேப்பைத் தோழி கையில் கொடுத்துப் புது அளவு எடுத்து உடனே அனுப்பச் சொன்னார். இந்தத் தடவை நின்றுகொண்டு எடுக்காதே. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எடு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா