பவுடர் போடாத கனகாம்புஜம்

1936 ஜூன் 3
இன்று மூன்று பேர். மூன்று பேருக்கும் படத்தில் முகம் வெளுப்பாக வர வேண்டுமாம். ஆண்பிள்ளை முன்னால் உட்காரக் கூச்சப்படும் பெண்களால்தான் சூலியா வீதியில் என் ஸ்டூடியோ பிழைக்கிறது.

ஜூன் 5
நாடக நடிகை கனகாம்புஜம் ஆள் அனுப்பியிருக்கிறாள். என்னிடம்தான் படம் எடுத்துக்கொள்வாளாம். புருஷனை விட்டு வந்தவள் என்று பத்திரிகையில் திட்டியது போதாமல், அம்மைத் தழும்பைப் பவுடரில் மூடி ஊரை ஏமாற்றுகிறாள் என்று இந்த வாரம் எழுதியிருக்கிறார்கள். வரச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 6
அதற்குள் தெருவுக்கே பெரிய மனுஷியான முத்தம்மை ஆச்சிக்குத் தெரிந்துவிட்டது. வாசலோடு நின்று சொன்னாள்: "அவ வந்த எடத்துக்கு எங்க வீட்டுப் பொம்பளைக வரமாட்டாக, நவமணி. பாத்துக்க." ஆச்சி வராவிட்டால் தெருவே வராது. கடையை மூட வேண்டியதுதானா? பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8
வந்தாள். பவுடர் இல்லை, நகை இல்லை, கன்னம் முழுக்கத் தழும்பு. வெளியே ஒரே கூட்டம். "இருக்கிறபடி எடுங்கக்கா" என்று கேமராவை நேராகப் பார்த்தாள்.

ஜூன் 9
என் புத்தியை என்ன சொல்ல! பதினோரு வருஷப் பழக்கம் — நெகடிவ் கண்ணாடியில் கை தானாகப் பென்சிலால் தீட்டி, தழும்பையெல்லாம் அடைத்துவிட்டது. அவள் வந்து படத்தைப் பார்த்தாள். "அழகா இருக்கா. யாருக்கா இவ?"
வெட்கத்தில் செத்தேன். அவள் முன்னாலேயே டர்பன்டைன் தொட்டுப் பென்சில் தீற்றலைத் துடைத்தேன். மறுபடி அச்சுப் போட்டதும் ஒவ்வொரு தழும்பாக வந்தது. அப்புறம்தான் சிரித்தாள்.

ஜூன் 13
நாடகக் கொட்டகை வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தப் படம். கீழே, 'பவுடர் போடாத கனகாம்புஜம்'. கேலி பேச வந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் எடுத்த படம்!

ஜூன் 14
கடைக்கு ஒருவரும் வரவில்லை.

ஜூன் 17
காலையில் கதவைத் திறந்தால் வரிசை. முதலில் ஹமீதா என்றொரு பெண். சின்ன வயதில் அம்மை வார்த்த முகம், இதுவரை படமே எடுத்ததில்லையாம். "என்னையும் அப்படியே எடுங்கக்கா, ஒண்ணும் மறைக்க வேணாம்லா." அவளுக்குப் பின்னால் அக்கரைத் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்திலிருந்து ஃபெர்ரிப் படகு ஏறி வந்த நாலு பெண்கள்.
பத்து மணிக்கு முத்தம்மை ஆச்சி, மருமகளோடு. "எங்கள முதல்ல எடுத்து விட்ரு, வீட்ல வேல கெடக்கு."
"ஆறாவதா இருக்கீக, ஆச்சி" என்றேன்.
வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.