எட்டுக்கு டாகோஸ்

பெப்ரவரி 8, ஞாயிறு

மழை. காலையிலிருந்து விடவில்லை. சுகந்தி போய் இன்று ஐந்தாம் நாள். நேற்றுத் தகனம். இன்று வீடு கழுவினோம்: நான், மகள் மயூரி, சுகந்தியின் தங்கை வசந்தி. வசந்தி பாரிஸ் புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து முதல் ரயிலில் வந்துவிட்டாள், கையில் இரண்டு வாளியும் ஒரு போத்தல் மஞ்சள் தண்ணீரும். வாளி இங்கேயும் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த டயரி சுகந்தியுடையது. மளிகைக் கடை புதுவருடத்துக்குக் கொடுத்தது. ஜனவரி முழுக்க அவள் கையெழுத்து. முன்னால் புரட்டினால் மார்ச் 12இல் “மயூரி பல் டொக்டர் 4.30”. வேறு கொப்பி வாங்கலாம். இதில்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

இன்று செய்தது:
யன்னல்கள். திரைச்சீலை.
அவள் வேலை உடுப்பு தோய்த்தது. பொக்கற்றில் இருமல் இனிப்பு இரண்டு.
ஃபிரிட்ஜ் காலி செய்தது. அரைக் கத்தரிக்காய், புளித்த தயிர், பின்னுக்கு ஒரு அலுமினியத் தாள் பொட்டலம். நான் சமைக்கிற சாப்பாட்டுக் கடையின் பொரித்த கோழி. அவள் வேலையிடத்தில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், ஜனவரி 28 புதன்கிழமை, நான் கொண்டுவந்து வைத்தது. நாறியது. எல்லாம் பச்சைக் குப்பை வாளிக்குள்.

பொட்டலத்தைக் கண்டதும் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால். ஆறு வருடமாக வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவருகிறேன். ஒருநாளும் நல்லாயிருந்தது என்று சொன்னதில்லை. குப்பைக்குத்தான் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இன்று நானே போட்டேன்.

வசந்தி போகும்போது சொன்ன சட்டங்கள்:
புதன்கிழமை எட்டு, எட்டாம் நாள் படையல். அன்றைக்கு அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும்.
அன்று மட்டும் மச்சம், மீன் இறைச்சி, சமைக்கலாம். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது, முப்பத்தோராம் நாள் வரைக்கும்.
“எட்டை சனிக்கிழமைக்குத் தள்ளுவமே எண்டு இவர் கேக்கிறார், லீவு கிடையாதாம். நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டன் அத்தான்.”

நல்லது.

பெப்ரவரி 9, திங்கள்

குளிர். வெயில் வந்தும் குளிர். மெரியில், நகரசபையில், இறப்புப் பத்திரம், பத்துப் பிரதி. கவுண்டரில் இருந்த பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாதென்று நினைத்தாளோ, இரக்கமோ. இரண்டும் வேண்டாம் என்றிருந்தது.

தமிழ்க் கடைத்தெரு ரூ பெர்தொனேயில் வாழையிலை வாங்கினேன். கடைக்காரர்: “கேள்விப்பட்டனான் அண்ணை. இலைக்குக் காசு வேண்டாம்.” வாங்க மாட்டேன் என்று அவரும் தருவேன் என்று நானும் நின்றோம். பின்னால் வரிசை.

பின்னேரம் வசந்தி தொலைபேசியில்.

“அத்தான், அக்காவுக்கு என்ன விருப்பமெண்டு சொல்லுங்கோ. நாங்கள் ஆளுக்கொண்டு செய்து கொண்டு வாறம்.”

“உமக்குத் தெரியும்தானே.”

“எனக்குக் கலியாணத்துக்கு முந்தினதுதான் தெரியும். நண்டும் புட்டும். இப்ப அவ நண்டு தொடுறேல்லை, கை கடிக்குதெண்டு. இஞ்சை வந்தாப்பிறகு என்ன விரும்பிச் சாப்பிட்டவ?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

யோசித்தேன். எனக்குத் தெரிந்தவை: தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி. கத்தரிக்காய் சமைப்பாள், தான் தொட மாட்டாள். பாண் ரொட்டியின் அடித்துண்டு பிடிக்கும் என்று நினைக்கிறேன், அல்லது மிஞ்சுவது அதுதான் என்பதால் தின்றாளோ தெரியாது.

இருபத்தொரு வருடம். மூன்று வரி.

எப்படித் தெரியும்? அவள் விடிய நாலரைக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள், நான் நித்திரை. நான் பின்னேரம் கடைக்குப் போவேன், திரும்பும்போது அவள் நித்திரை. ஞாயிறும் திங்களும் எனக்கு லீவு. அந்த இரண்டு நாளும் அவள் எனக்குப் பிடித்ததைச் சமைத்தாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும். மொன்பர்னாஸில் ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சமைக்கிறேன். எட்டாம் மேசைக்கு மல்லி இலை ஆகாது, பதினோராம் மேசைக்குச் சோஸ் தனியே. எல்லாம் மனப்பாடம்.

மயூரியிடம் கேட்டேன். தொலைபேசியிலிருந்து தலையெடுக்காமல் சொன்னாள்:

“டாகோஸ்.”

சந்தியில் விற்கிற சாமானோ, சீஸும் உருளைக்கிழங்குப் பொரியலும் அடைத்து நசுக்கிய பொதி?

“இல்லையப்பா. நாங்கள் செய்யிறது. கோழி டாகோஸ். வியாழக்கிழமையில.”

அந்த ‘நாங்கள்’ என்பதில் நான் இல்லை. என் வீட்டில் வியாழக்கிழமைகளில் இப்படி ஒரு சாப்பாடு நடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். வசந்தியிடம் சொன்னதும் ‘என்ன?’ என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு: “எட்டுக்கோ அத்தான்? இலையிலயோ?” அவளுக்குப் பிடித்ததுதானே என்றேன். “அப்ப சரி” என்றாள். சரியில்லை என்ற குரலில்.

ஆனாலும் எனக்கு ஒரு தெம்பு. கோழி பொரிப்பது என் தொழில். நாளைக்குத் திட்டம்:

கோழித் தொடை, எலும்பெடுத்தது, 1 கிலோ
சோயா சோஸ், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் தேன்: இரவு முழுக்க ஊற
உருளைக்கிழங்கு மா, 170 பாகை எண்ணெய்
சின்னக் கோதுமை ரொட்டிப் பக்கெற் 2
சிவப்புக் கோவா (முட்டைக்கோஸ்), கரட், வினாகிரி
எள்ளு, தேசிக்காய், மல்லி இலை

மச்சத்தை வீட்டுக்குள் இன்றே கொண்டுவர முடியாது. நாளைக்குக் கடையிலேயே ஊறப்போட்டு, புதன் விடிய எடுத்துவர வேண்டும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மப்பு. காலையில் மேசையில் திட்டத்தைப் பார்த்துவிட்டு மயூரி பேனை எடுத்து இரண்டாவது வரியை வெட்டினாள். மூன்றாவதையும். பிறகு முதலாவதையும்.

“அம்மா ஒண்டும் ஊறப்போடுறேல்லை.”

“அப்ப கோழி?”

“உங்கடை கோழிதானே. அலுமினியத்தில சுத்திக் கொண்டு வருவீங்களே, அது.”

எனக்கு விளங்கவில்லை. அவள் பிரெஞ்சுக்கு மாறினாள், அவசரமானால் அப்படித்தான். நீங்கள் புதன்கிழமை கொண்டுவருவீர்கள். அடுத்த நாள் அது மெத்தென்று போயிருக்கும், ஈரமாக. அம்மா அதை நீள நீளமாக வெட்டி, அரிசிமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அதில் போட்டு எடுத்து, இன்னொரு தரம் பொரிப்பாள். ரொட்டியில் எண்ணெய் பூசி அவண் கம்பியில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் வளைந்து முறுகிவிடும். அதற்குள் கோவா, கோழி, தேசிக்காய், இடித்த செத்தல் மிளகாய்.

முதலில் யார் தொடங்கியது? தான் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டதாம். தாய் அந்தக் கோழியைத் திறந்து பார்த்துவிட்டு, “உன்ர கொப்பர் பொரிச்சது, எறியக்கூடாது” என்றாளாம்.

எறியக்கூடாது. நான் ஞாயிற்றுக்கிழமை எறிந்தேன். அந்த வியாழக்கிழமைக்கென்று இருந்த கோழி. விடிய வேலைக்குப் போய் அங்கே விழுந்தவள், பின்னேரம் வந்து பொரித்திருக்க வேண்டியது. பச்சை வாளி நேற்றே போய்விட்டது.

மயூரி சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“சாப்பிடேக்க அம்மா சிரிப்பா. சோஸ் முழங்கைக்கு ஓடும். பெரிய சத்தம் வரும், மொறுக்கெண்டு. கீழ் வீட்டுக்குக் கேக்கப் போகுதடி எண்டுவா. அப்பா, அவ ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒண்டு எடுத்து வைக்கிறவ. தட்டால மூடி, அடுப்புக்குப் பக்கத்தில.”

தட்டு.

ஓம், தட்டு இருக்கும். பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கொதி எண்ணெய்க்கு முன்னால் நின்றவனுக்கு வீட்டில் ஒரு மூடியைத் திறந்து இன்னொரு பொரியலைப் பார்க்க மனம் வராது. தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஆறு வருடத்தில் ஒருநாளும் திறந்ததில்லை.

“காலமை அப்பிடியே இருக்கும். அவவே வேலைக்குப் போகேக்க பஸ்ஸில சாப்பிடுவா. குளிர்ந்தாலும் நல்லாத்தான் இருக்குதெண்டுவா.”

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மூன்று மணிக்குக் கடை. மதியக் கூட்டம் முடிந்து அடுப்பு சும்மா இருக்கும் நேரம். முதலாளி என்னைக் கண்டதும் கை துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கன்னத்திலும் முத்தம், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் ஏப்ரனை எடுத்துத் தந்தார். நல்ல மனிதர். எப்போதும் செய்வது போல ஊறிய கோழி எடுத்தேன், எப்போதும் செய்வது போல மா, எண்ணெய். பன்னிரண்டு துண்டு.

பொரித்ததைச் சூட்டோடு மூடக்கூடாது. ஆவி அடங்காமல் தோல் நனைந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். வீட்டுக்குக் கொண்டுபோவதை மட்டும் நான் எப்போதும் சுடச்சுடச் சுற்றியிருக்கிறேன். கடைசி மெத்ரோவைப் பிடிக்கிற அவதி. கடை மேசைகளுக்கு ஆவி ஆறினது போகும், பெண்சாதிக்கு அவிந்தது.

இன்றும் சுடச்சுடச் சுற்றினேன். வேண்டுமென்றே. அவளுக்குத் தெரிந்த கோழி அதுதான்.

மெத்ரோ 12, மொன்பர்னாஸிலிருந்து மார்க்ஸ் டோர்மோய். பை மடியில். தொடையில் சூடு. எதிரே இருந்த பிள்ளை மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தாயைப் பார்த்தது. பிகாலுக்குக் கிட்ட வரும்போது சூடு ஆறிவிட்டது.

மச்சத்தோடு வீட்டுக்குள் வந்தால் வசந்தி என்னைக் கொல்லுவாள். கொல்லட்டும். ஃபிரிட்ஜில், பின்னுக்கு, அதே இடத்தில் வைத்தேன்.

பெப்ரவரி 11, புதன்

தூறல். எட்டு.

ஒன்பது மணிக்கு வசந்தி குடும்பம். ஆட்டிறைச்சி, கணவாய், முருங்கைக்காய், வடை, எல்லாம் ஏனங்களில். ஃபிரிட்ஜைத் திறந்தவள் பொட்டலத்தைக் கண்டாள். என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், மயூரி சொன்னது எல்லாவற்றையும். கேட்டுவிட்டு உள்ளி உரிக்கத் தொடங்கினாள். உள்ளி தேவையே இல்லை.

கத்தியை மயூரியிடம் கொடுத்தேன். இன்றைக்கு அவள்தான் ஷெஃப், நான் உதவியாள். கோழி உண்மையிலேயே மெத்தென்றிருந்தது, கடையில் யாராவது இப்படி வைத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மாக்கரைசல் தடிப்பு என்றேன். “அம்மா இப்பிடித்தான்” என்றாள். வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை எண்ணெயில் விழுந்தபோது சத்தம் மாறியது. தோல் கண்ணாடி போல வந்தது. இருபது வருடக் குசினிக்காரன் சொல்கிறேன், இது என் கோழியை விட நல்ல கோழி.

ரொட்டி இரண்டு அவணில் கருகியது. மற்றவை பத்தும் வந்தன.

இலை போட்டோம். சோறு, கறிகள், வடை, அரைக் கரண்டிச் சீனித் தேத்தண்ணி. நடுவில் ஒரு டாகோ. நிற்க மாட்டாமல் சரிந்தது. வசந்திதான் வடை ஒன்றை முண்டு கொடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

படைத்த பிறகு சுகந்தி வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். ஊரில் முற்றம். இங்கே படிக்கட்டு. எட்டுப் பேர், நாலாம் மாடி, ஆளுக்கொரு படி. மேல் வீட்டு மனிதர் சந்தைப் பையோடு வந்தார், எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டோம். எட்டுத் தரம் பொன்ஜூர்.

படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். ஒருமுறை வசந்தியின் புருஷன் பொத்தானை அழுத்தினார். ஒருமுறை நான். மூன்றாம் முறை அணைந்தபோது ஒருவரும் அழுத்தவில்லை. கதவுக்குள்ளே சத்தமில்லை. மொறுக்கென்று ஒன்று கேட்குமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், மடையன் மாதிரி.

மயூரி இருட்டில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு இன்றுதான்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். உட்காருங்கோ அத்தான் என்று வசந்தி மூன்று தரம் சொன்னாள். உட்கார வரவில்லை. டாகோஸ் முதலில் முடிந்தது. சத்தம் வீடு முழுக்க. வசந்தி முழங்கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா எனக்கு ஒருநாளும் செய்து தரேல்லையே” என்று அழுதாள். அழுதுகொண்டே இன்னொன்று எடுத்தாள்.

எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஏனங்கள் கழுவினேன்.

பெப்ரவரி 12, வியாழன்

மழை இல்லை. இன்றைக்கு வேலை. உடுப்பு மினுக்க வேண்டும், சப்பாத்து இன்னும் ஈரம்.

ஒன்பது மணிக்கு எழும்பினேன். மயூரி பள்ளிக்கூடம் போய்விட்டாள். குசினி துடைத்து வைத்திருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. மேலே இன்னொரு தட்டால் மூடி.

நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். திறந்தேன்.

ரொட்டி தோல் மாதிரி. கோவா வாடி, கோழி குளிர்ந்து. சத்தமே இல்லை. முப்பத்தொன்று வரைக்கும் மச்சம் கூடாது. முழுவதையும் சாப்பிட்டேன். குளிர்ந்தாலும் நல்லாத்தான் இருக்குது, சுகந்தி.