துப்பியதும் விழுங்கியதும்

ஜூலை 14, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. டேனரியில் தோல் ஊறும் மூன்றாம் குழிக்குப் புதுப் பட்டை போட்டாயிற்று. முழங்கால் வலி.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சேகர் துண்டில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்தான். பெங்களூர் போய்வருகிறவன். தீபா கொடுத்தனுப்பினாளாம். என் மகள் அங்கே பீர் கம்பெனியில் பீர் காய்ச்சுகிறாள். ஆம்பூரில் யார் கேட்டாலும் ஜூஸ் கம்பெனி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சேகரிடமும் அப்படித்தான். துண்டைப் பிரிக்கும்போது அவன் சிரித்தான். எரிச்சலாக இருந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். திட்டத்தான்.

"நைனா, கோவப்படாத. பட்டைத் தண்ணிய நாக்குல வச்சிப் பாத்து குழி எப்டினு சொல்லுவியே, அதே மாதிரி இதையும் பாத்துச் சொல்லு. நான் தனியா போட்ட மொதல் பீப்பா. திங்கக்கெழம ஓனர் வர்றாரு. வச்சிக்கிறதா, கொட்டிடுறதானு அன்னிக்கு முடிவு பண்ணிடுவாரு."

குமார் போன பிறகு இந்த வீட்டுக்குள் வந்த முதல் பாட்டில். குமார், என் தம்பி. தோல் மண்டியில் மூட்டை தூக்கினான். குடித்தே செத்தான். அவனுக்குக் கொள்ளி வைத்துவிட்டுப் பாலாற்று மணலில் நின்று சத்தியம் செய்தேன், இந்தத் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது என்று. இன்றுவரை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் நினைவு நாள். தீபாவும் வருகிறாள். இந்த நேரம் பார்த்தா அனுப்ப வேண்டும்? என் மனைவி சரசு பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

ஜூலை 15, புதன்

நல்ல வெயில். இட்லி, கார சட்னி.

வேலையிலும் அதே யோசனை. பட்டைத் தண்ணியை நாக்கில் வைத்துத் துப்புகிறேன். அது குடித்ததாகுமா? ஆகாது. அப்படியென்றால் இதுவும் ஆகாது.

வந்ததும் வாஷ்பேசின் பக்கத்தில் நின்றபடி ஊற்றிப் பார்த்தேன்.

நிறம்: கறுப்பு. லைட்டுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு.
நுரை: காப்பி நுரை போல. சீக்கிரம் அடங்கிவிட்டது.
வாசனை: கருக வறுத்த கேழ்வரகு, பழைய மரம், அப்புறம் ஈரத்தோல். ஈரத்தோல் எப்படி வந்தது?
நாக்கில்: புளிப்பு. பழைய சோற்றுத் தண்ணியின் புளிப்பு, அதைவிடக் கூர்மை. ஓரத்தில் துவர்ப்பு, கடுக்காய் கடித்ததுபோல.

துப்பினேன். இரண்டு தரம் வாய் கொப்பளித்தேன்.

போனில் சொன்னேன். "புளிச்சிப் போச்சு. கெட்டுப் போச்சு. கொட்டிடு."

நிறம், நுரை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "முழுங்கினியா நைனா?"

"துப்பிட்டேன்."

"துப்பினா பாதிதான் தெரியும். மீதி தொண்டைக்குக் கீழ போனப்புறம்தான் வரும்."

"எனக்குப் பாதி போதும்" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

ஒரு மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி டேனரிக்கு எடுத்துப் போனேன். பஷீர் பாயிடம் காட்ட. இருவரும் ஒன்றாகவே குழி பார்த்து வந்தவர்கள்.

"நான் வாயில வைக்க மாட்டேன்" என்றார். "மோந்து வேணா பாக்குறேன்."

மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டார். நேரம் எடுத்தது.

"அரே தோஸ்த், நம்ம பழைய குழி வாசனை இது."

"புளிச்சிப் போச்சு பாய்."

"புளிக்காத தண்ணியில தோலப் போட்டா இன்னா ஆவும்? மேல மட்டும் புடிக்கும். உள்ள எறங்குமா?"

எனக்குத் தெரியாததா அது?

"பொண்ணு இன்னா கேட்டுச்சு?"

"நாக்கு இன்னா சொல்லுதுனு."

"நீ நாக்கு சொன்னதையா சொன்ன? குமார நெனச்சிச் சொல்லிட்ட."

மருந்து பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. காற்று. மாடியில் காயப்போட்ட லுங்கி ஒன்று காணோம்.

தீபாவுக்கு நானே போன் செய்தேன். புளித்தது தானாகவா, வேண்டுமென்றா என்று கேட்டேன். வேண்டுமென்றுதானாம். லண்டனில், விக்டோரியா ராணி காலத்துக்கும் முன்னால், இப்படித்தான் பெரிய பெரிய மரத்தொட்டியில் போட்டு மாசக்கணக்கில் விட்டுவிடுவார்களாம். புளித்த பழசைப் புதுசோடு கலந்து விற்பார்களாம். இவள் புத்தகங்களில் தேடிப் படித்து அதே மாதிரி போட்டிருக்கிறாள். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இப்படி என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

"பேரு போர்ட்டர் நைனா. மூட்டை தூக்குறவங்க. அவங்கதான் இத ஜாஸ்தி குடிச்சாங்க, அதான் அந்தப் பேரு. நம்ம சித்தப்பா மாதிரி ஆளுங்க."

கட் செய்துவிட்டேன். அவனைக் கொன்றதற்கு அவன் பேரைச் சொல்கிறாள். போன் திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 18, சனி

வாங்கியது: நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காய், முட்டை, கற்பூரம், வாழையிலை, ஒரு கட்டு பீடி. வெற்றிலை மறந்துவிட்டேன், மறுபடி பஜார். கம்பெனி விட்டு பஸ்கள் கிளம்பும் நேரம், ரோட்டைத் தாண்டவே முடியவில்லை.

படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம். எல்லார் வீட்டிலும் வைக்கிறார்கள், குவாட்டர் உட்பட. நான் வைத்ததில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுப்பது காதில் விழும்.

சரசு இன்று வாய் திறந்தாள். "பீடி வைக்கிற. அது மட்டும் நல்லதா? அவருக்குப் புடிச்சத வுட்டுட்டு இன்னா படையலு."

கத்திவிட்டேன். பாவம், அவள் கேட்டதில் தப்பில்லை.

பாட்டிலில் மிச்சம் இருந்ததை மறுபடி பார்த்தேன். காற்று இறங்கிவிட்டது, புளிப்பு கூடிவிட்டது. துப்பினேன். துப்பிய பிறகு ஏதோ ஒன்று வரப்பார்த்து வராமல் நின்றது. தும்மல் நின்றுபோவது போல.

ஜூலை 19, ஞாயிறு

காலை ரயிலில் தீபா வந்தாள். இளைத்திருக்கிறாள். விரலில் வெந்நீர் பட்ட தழும்பு. வெள்ளிக்கிழமை போனைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கருவாடு ஆய்ந்துகொடுத்தாள்.

இலை போட்டு எல்லாம் பரிமாறியாயிற்று. குமார் போட்டோவுக்கு மாலை. பீடிக்கட்டைப் பிரித்து வைத்தேன். பிறகு, எனக்கே தெரியாது எப்படிச் சொன்னேன் என்று: "உன் பையில இன்னொரு பாட்டில் இருக்குமே, எடு."

எடுத்தாள். நான்தான் டம்ளரில் ஊற்றினேன். நான்தான் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். சரசு அழுதாள்.

காக்கைக்கு வைத்துவிட்டு வந்தோம். படைத்ததை வீட்டிலுள்ளவர்கள் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். முட்டை, வடை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் இலைக்கு வந்தது. டம்ளர் மட்டும் அங்கேயே. சரசு என்னைப் பார்த்தாள். தீபா தரையைப் பார்த்தாள்.

படைத்ததைக் கொட்டக்கூடாது. துப்பவும் கூடாது. ஊற்றும்போது இது எனக்கு நினைவில் இருந்ததா? தெரியவில்லை.

எடுத்து ஒரு வாய் குடித்தேன். இறங்கியது.

முதலில் அதே புளிப்பு. நெஞ்சில் லேசான சூடு. மூச்சு விட்டபோது கருகல் வாசனை, மூக்கு வழியாக. பிறகு துவர்ப்பு மெல்லக் கழன்று, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி அடித்தொண்டையில் ஒரு தித்திப்பு. அது போகவே இல்லை. குமார் வாசல்படி ஏறும்போதே உள்ளே வரும் அந்த நாற்றத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவன் முகம் மட்டும் வந்தது, குடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் இருந்த முகம்.

"நைனா?" என்றாள்.

"கொட்டாத. இன்னும் ஊறட்டும்னு ஓனர்கிட்ட சொல்லு. பாதிதான் எறங்கியிருக்கு."

கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனாள். இன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

சத்தியம் போயிற்று. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். மிச்சத்தையும் குடித்து டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஜூலை 20, திங்கள்

தூறல். தீபாவை முதல் ரயிலில் ஏற்றிவிட்டேன். இன்றைக்குத்தான் ஓனர் வருகிறார். போன் இன்னும் வரவில்லை.

சேகரின் துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாசலில் நான்கு பேர். அதே சிரிப்பு.

"இன்னாணா, ஜூஸ் கம்பெனி எப்டிப் போவுது?"

"பீர் கம்பெனிப்பா" என்றேன். "எம் பொண்ணுதான் காய்ச்சுறா."