ஐந்தாவது லெவல் எங்கே?

யாதவகிரி, மைசூரு
நவம்பர் 12, புதன்கிழமை

அன்புள்ள மேகனாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி பழையபடிதான், எனக்கு பி.பி. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? எல்லாக் கடிதத்திலும் இந்த வரியை எழுதிவிட்டு மேலே போய்விடுவேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். ஃபோனில் கேட்டால் நீ சிரித்துவிட்டு மல்லம்மா எப்படி இருக்கிறாள் என்று திருப்பிக் கேட்கிறாய், நானும் நம் வீட்டு வேலைக்காரியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். நாளைக் காலை நானே போய்ப் போடுவேன், அவரிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஜூலை மாதம் உன் அப்பா பரணில் இருந்த பழைய டப்பா டிவியை இறக்கினார். எதற்கு என்று கேட்டேன், அக்ரஹாரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மதனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமாம், கொடுத்துவிடப் போகிறேன் என்றார். டிவி வாசல்படி தாண்டவில்லை. உன் பழைய அறைக்குள் போனது, கதவு சாத்திக்கொண்டது. தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சாத்தின கதவுதான். மல்லம்மா ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து, யஜமானரு ஒளகே யாரோ ஜொதெ ஜகள ஆடுத்தாரெ என்றாள், உள்ளே யாருடனோ சண்டை போடுகிறாராம். நானும் கதவில் காதை வைத்தேன். போச்சு, போச்சு, உயிர் போச்சு என்று உன் அப்பா குரல் கேட்டது. கதவைத் தட்டினால் பேப்பர் படிக்கிறேன் என்றார். சாயங்காலம் குக்கரஹள்ளி கெரேயைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். ஆகஸ்டில் ஒரு வாரம் முழுக்க மழை, ஏரிக்கரை எல்லாம் களிமண், அவர் ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அறுபத்தாறு வயசில் என்ன செய்துவிடப் போகிறார் என்று நீ சிரிப்பாய். நான் பேப்பருக்குப் பல வருஷம் கோர்ட் செய்தி எழுதினவள், எழுபத்திரண்டு வயசுக்காரர் வரை கூண்டில் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24 ஞாயிறு, தன்னோடு ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். நான் தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டேன், தலை நன்றாகத்தான் இருந்தது. உன் அறையில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. ரயிலில் கார்டு ஜர்னல் எழுதின அதே கையெழுத்து, அதே கோடு போட்ட கட்டங்கள். அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்பு என்று தெரிந்துதான் படித்தேன். முதலில் கண்ணில் பட்ட வரி இது: இன்று 14 முறை செத்தேன், பள்ளத்தில் 9, மாடு முட்டி 5. அதற்கடுத்த வரி: மூன்று உயிர் போதாது, மே.விடம் கேட்க வேண்டும். மேகனா, அரை மணி நேரம் நான் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மல்லம்மாவிடம் பட்டும் படாமலும் சொன்னேன், அவள் உடனே நஞ்சன்கூடு கோயிலுக்குக் கூட்டிப் போய் உருளுசேவை, அதுதான் நம் அங்கப்பிரதட்சணம், பண்ண வையுங்கள், முழங்கால் வலிக்கும் நல்லது என்றாள்.

நஞ்சன்கூடு போவதற்கு முன்னால் மதன் கடைக்குப் போனேன். அவன் ஹனூர்ப் பக்கத்துப் பையன், பையன் என்றால் நாற்பது வயசு. என்னைக் கண்டதும் கையில் இருந்த மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டான். தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, ஐயா சொல்லப்படாதுன்னு சொல்லிப்போட்டாருங்க என்றான். நான் ஒன்றுமே கேட்கவில்லை, அவன் மேஜையைத்தான் பார்த்தேன். என் பழைய சுங்குடிப் புடவைத் துண்டு கிடந்தது, அதன் மேல் உன் டிவி கேம் பெட்டி. இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ பத்தாவது படித்த வருஷம் அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. புடவையில் சுற்றிப் பரணில் வைத்தேன், அப்பாவுக்கு மட்டும் தெரியும். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை, அப்போதும் நான் சொல்லவில்லை.

மதன் விளக்கினதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிக்காரர்கள் அதை மறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உன்னைப் போல சிலர் உலகம் முழுக்க உட்கார்ந்துகொண்டு அதற்குப் புதிதாகத் தாவிக் குதிக்கிற விளையாட்டு எழுதுகிறீர்கள். விளையாட்டு முழுக்கவும் என் ஃபோனில் இருக்கிற ஒரு போட்டோவை விடச் சின்னது, அதற்கு மேல் அந்தப் பெட்டி தாங்காதாம். கம்ப்யூட்டரில் எழுதலாம், ஆனால் தாவுவது சரியாக இருக்கிறதா என்று பழைய பெட்டியில், பழைய டப்பா டிவியில் ஆடிப் பார்த்தால்தான் தெரியும், புது டிவியில் பட்டனை அமுக்கின பிறகு ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். உன்னிடம் அங்கே டப்பா டிவி இல்லை. அதனால் நீ அனுப்புகிறாய், மதன் சிப்பில் ஏற்றிப் பழைய மஞ்சள் கேசட்டுக்குள் வைக்கிறான், உன் அப்பா ஆடிச் சாகிறார், செத்த இடத்தை நோட்டில் குறிக்கிறார். தெனமும் பள்ளத்துல உழுந்துபோட்டு என்னைய வந்து திட்டறாருங்கம்மா, பள்ளத்த நானா தோண்டுனேன் என்று மதன் கேட்டான். இதை யார் வாங்குவார்கள் என்றேன். இன்னும் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு புதுக் கேசட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஆனால் அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். ஆமாம் அன்னம், மேகனா லீவு நாளில் சும்மா எழுதுகிறாள், நீ பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவாய் என்று பயந்து சொல்லவில்லை என்றார். அன்றிலிருந்து நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உன் விளையாட்டில் ரயில் வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டது, கார்டு இறங்கிப் பின்பக்கம் ஓடித் தண்டவாளத்தில் எச்சரிக்கைப் பட்டாசு வைத்துச் சிவப்புக் கொடி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிற வண்டி வந்து மோதிவிடும், வழியில் பள்ளம், மாடு, உடைந்த பாலம். நன்றாக யோசித்திருக்கிறாய். அந்த ஆளின் தொப்பை உன் அப்பாவுடையது, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அறுநூறு மீட்டரில் ஒரு பட்டாசு, ஆயிரத்து இருநூறில் மூன்று, இவள் எல்லா இடத்திலும் இரண்டு வைத்திருக்கிறாள் என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார், நீ அடுத்த தடவை திருத்தி அனுப்பினாய். தசரா முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் இதே பேச்சுதான், ஊர்வலத்துக்குக் கூட நாங்கள் போகவில்லை, டிவியில் பார்த்தோம், அதுவும் பாதி, மீதி நேரம் மாடு முட்டிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நாலாவது லெவலை எப்போது அனுப்பினாய் என்று எங்களுக்குள் ஒரு தர்க்கம். தேதி பார்க்க நோட்டை எடுத்தேன். அன்றைக்கு உன் அப்பா எத்தனை முறை செத்தார் என்ற வரிகளை விட்டுவிட்டு முதல் முறையாக ஓரத்துக் கட்டங்களைப் படித்தேன். நீ அனுப்பின நாள், வந்து சேர்ந்த மணி, நிமிஷம். முப்பத்தொரு வருஷம் கார்டாக இருந்தவர். வாயால் பொய் சொல்வார், ஷூ போட்டுக்கொண்டும் சொல்வார், நோட்டில் ஒரு நிமிஷத்தைக் கூட மாற்றி எழுத அவருக்கு வராது. நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த தப்பு அதுதான், இப்படிப்பட்ட ஆளைக் கூட்டு வைத்துக்கொண்டு அவர் கையில் நோட்டையும் விட்டது. செப்டம்பர் 7 வரை நீ அனுப்பினதெல்லாம் சனி, ஞாயிறு. செப்டம்பர் 9 செவ்வாய், பகல் 2.35. புதன் 1.50. வியாழன் 3.10. அப்புறம் தினமும். இங்கே இரண்டரை என்றால் உனக்குக் காலை பதினொன்று. ஆபீசில் இருக்க வேண்டிய நேரம்.

ஒரு வேளை லீவு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். ஏழு வாரம் யாரும் லீவு தரமாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாயோ என்று நினைத்தேன், ஆனால் தினமும் ஆபீஸ் போய்த்தான் ஆக வேண்டும் என்று நீதான் ஜூனில் அலுத்துக்கொண்டாய். அப்புறம் எனக்கு அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாய், பின்னால் குக்கர் விசில் அடித்தது. இரண்டு விசில். எந்த ஆபீசில் மீட்டிங் நடுவே பருப்பு வேகவைக்கிறார்கள்? இன்னொன்று, அக்டோபர் கடைசியிலிருந்து நீ வீடியோவில் வருவதே இல்லை, கேமரா கெட்டுப்போயிற்று என்கிறாய்.

நோட்டில் கடைசி வரியை அப்படியே எடுத்து எழுதுகிறேன். அக். 31 வெள்ளி, 2.40. ஐந்தாவது லெவல் வரவில்லை. கேட்டேன். மே. அழுதாள். அன்னத்திடம் சொல்ல வேண்டாம் என்றாள். 3.25 ஃபோனை வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கம் காலி. அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். நோட்டில் இருப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, ரிப்போர்ட்டரம்மா பேட்டி முடிந்ததா என்று சொல்லிவிட்டு ஷூவைத் தேடிப் போய்விட்டார். அவருக்கும் நிஜமாகவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எந்தச் செய்தியும் எழுதினதில்லை. சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்காமலும் எழுதினதில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாலு மணி நேரம் காத்திருந்து ஒரே ஒரு வரி விளக்கம் வாங்கி வந்திருக்கிறேன். ஆகவே உன் வேலை போய்விட்டது என்று நான் எழுதவில்லை. போய்விட்டதா என்று கேட்கிறேன். நீயே விட்டாயா, அவர்கள் நிறுத்தினார்களா? வேலை போனால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விசாப்படி அந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று போன வருஷம் உன் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது நீதான் சொன்னாய். செப்டம்பர் 9 என்று வைத்துக்கொண்டால் டிசம்பர் 9. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மூன்று வாரம்கூட இருக்காது. நீ எதையாவது தேடுகிறாயா, இல்லை கதவைச் சாத்திக்கொண்டு மாட்டையும் பள்ளத்தையும் வரைந்துகொண்டிருக்கிறாயா? அதையும் நிறுத்திவிட்டாய் என்பதுதான் எனக்கு அதிகக் கலக்கம். விளையாட்டு எழுதினது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன், பெட்டியைப் புடவையில் சுற்றினவள்தானே.

ஆனால் இதை யோசி. வண்டி நின்றுபோவது கார்டின் குற்றம் இல்லை, யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். இறங்கிப் போய்க் கொடி காட்டவில்லை என்றால்தான் கேட்பார்கள். உன் அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி உனக்கும் எனக்கும் மனப்பாடம். நாலு லெவல் முழுக்க அதையே எழுதி வைத்துவிட்டு, உன் வண்டி நின்றதும் விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாய். எனக்கு ஏன் கொடி காட்டவில்லை? நான் வந்து மோதிவிடுவேன் என்று பயமா? மோதமாட்டேன். அப்படி நினைக்க நான்தான் காரணம் கொடுத்திருக்கிறேன், அது தெரியும்.

வேலை அங்கேயே கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கிளம்பி வா, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அது புதிதில்லை. உன் அறையில் டிவி இருக்கிறது, அதை நகர்த்தாமலேயே கட்டில் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். ரொட்டியைத் தின்றுவிட்டு நாளை ஓட்டாதே, அந்தக் குக்கர் தினமும் விசில் அடிக்கட்டும். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதி மட்டும்தான் வைத்தார். உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

மறந்துவிடாதே, பதில் என் பேருக்கு வரட்டும். இன்னொரு விஷயம். இன்று காலை அப்பா கெரேக்கு நிஜமாகவே போயிருந்தபோது நான் ஆடினேன். பதினோரு முறை செத்தேன், மாடு இல்லை, எல்லாம் பள்ளம். நாலாவது லெவலில் உடைந்த பாலத்துக்கு அப்புறம் ஒரு தாவல் இருக்கிறது, அது யாராலும் முடியாது, மேகனா கணக்கை விட்டுவிட்டாள் என்று உன் அப்பா எழுதி வைத்திருக்கிறார். முடியும், விளிம்பு வரை ஓடிக் கடைசியில் அமுக்க வேண்டும். தாண்டிவிட்டேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, திரை கறுப்பாக இருக்கிறது, கொடியோடு ஆள் மட்டும் நிற்கிறான். அந்தப் பெட்டியில் எதையும் சேமிக்க முடியாதாமே, அணைத்தால் முதலிலிருந்து ஆட வேண்டுமாம். அதனால் அணைக்கவில்லை. சுவிட்சைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்று மல்லம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போவதற்குள் எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக நிற்கும் அம்மா
அன்னபூர்ணி ஜெயகிருஷ்ணன்