கை தூக்கினால் நிறுத்திவிடும் டாக்டருக்கு

என் அன்புத் தங்கச்சி டாக்டர் மல்லிகாவுக்கு,

"டாக்டரம்மா எல்லாம் வேண்டாங்க்கா, பேரச் சொல்லியே கூப்பிடுங்க" என்று எத்தனையோ முறை சொன்னீர்கள். எனக்கு வாய் வந்ததே இல்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் பேரை எழுதத் துணிந்தேன். கோபமில்லையே?

போன வாரம் என் மகள் ஸ்டெல்லா, தன் மகனுக்குப் பல் காட்டக் காந்திபுரம் வந்தாள். உங்கள் கிளினிக்கில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சைகையால் விஷயத்தைச் சொன்னவள், என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காது கேளாத பிள்ளைக்குத் தன் அழுகைச் சத்தம் தெரியாது. அக்கம்பக்கத்தார் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் அவள் சின்னப் பிள்ளை. நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். அவள் அப்பா ஆரோக்கியசாமி பம்பு கம்பெனியில் ஃபிட்டர். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால், சொத்தைப் பல்லால் பிள்ளையின் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிக்கிடந்தது. எங்கே எப்படி வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. சுவரில் போய்த் தலையை முட்டினாள்.

முதலில் போன இடத்தில் இரண்டு பேர் அவள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். மாஸ்க் போட்ட ஒருவர் குனிந்தார். உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு புரியும். அந்த உதடும் மறைந்துவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? அவர் விரலைக் கடித்துவிட்டாள். "இந்த மாதிரிப் பிள்ளைங்கள எல்லாம் இங்க கூட்டிட்டு வராதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நான் ஸ்பூனை நீட்டினாலும் அலறினாள்.

பட்டறையில் கூட வேலை செய்தவள் சொல்லித்தான் உங்களைத் தேடி வந்தோம். துணிக்கடைக்கு மேலே, மாடியில் கிளினிக். ஸ்டெல்லா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தாள். நீங்களே இறங்கி வந்தீர்கள். அவளுக்குக் கீழ்ப் படியில், சேலை அழுக்காகுமே என்று பார்க்காமல் உட்கார்ந்தீர்கள்.

"பாப்பா எதப் பாத்துங்க்கா பயப்படறா?"

"மூஞ்சிய மூடுனாத்தானுங்க. அவளுக்குக் காது கேக்காதுங்க, உதட்டப் பாத்துத்தானுங்க புரிஞ்சுக்குவா."

கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டீர்கள். "அப்ப நாம மூடாமயே பேசலாம் கண்ணு" என்று அவளைப் பார்த்து மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னீர்கள்.

அன்று நீங்கள் ஒரு பல்லையும் தொடவில்லை. சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தீர்கள். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு உங்கள் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "வீக்கம் வத்தட்டுங்க்கா. அதுக்குள்ள பயமும் கொஞ்சம் வத்தும்."

மறுபடி வந்தபோது அந்தப் பெரிய நாற்காலியில் நான் உட்கார, என் மடியில் அவள். ஒவ்வொன்றும் செய்வதற்கு முன்னால் மாஸ்க்கை இறக்கி, அவளிடம் சொல்லிவிட்டு, அவள் பார்க்கவே ஏற்றிக்கொண்டீர்கள். "வலிச்சா கையத் தூக்கு அம்மணி. நான் நிறுத்திப்போடறேன்."

அவள் உடனே கையைத் தூக்கினாள். நிறுத்தினீர்கள். ஆரம்பித்ததும் மறுபடி தூக்கினாள். நிறுத்தினீர்கள். வலிக்கவில்லை, சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்கே தெரிந்தது. உங்களுக்குத் தெரியாதா? வெளியே காத்திருந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், இன்னும் எவ்வளவு நேரமுங்க?"

"இந்தப் புள்ள சரின்னு சொல்லோணுமுங்க. அவசரம்னா நாளைக்கு வாங்க."

அதுவரை என் மகள் வேண்டாம் என்று சொன்னதை யார் கேட்டார்கள்? பெற்ற நான்கூட அவள் நல்லதுக்குத்தானே என்று பிடித்து அமுக்கியிருக்கிறேன். அன்று அவள் கைக்கு ஒரு டாக்டர் கட்டுப்பட்டதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் அவள் கை என் முழங்காலில் அப்படியே கிடந்தது. சொத்தைப் பல் வெளியே வந்துவிட்டது. மரத்துப்போன உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், உங்கள் கன்னத்தையும் தட்டிக் கொடுத்தாள்.

அவள் அப்பா கதை நினைவிருக்கிறதா? ஆள்தான் பனைமரம் மாதிரி. பல்வலியைக் கிராம்புத் தைலத்தால் வருஷக்கணக்காக ஏமாற்றிக்கொண்டிருந்தவர். ஸ்டெல்லாதான் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். நீங்கள் விளக்கைப் போடுவதற்குள்ளேயே அந்த மனுஷன் கையைத் தூக்கிவிட்டார். "இன்னும் ஒண்ணுமே பண்ணலீங்களேண்ணா!" என்று நீங்கள் சொல்ல, ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"வலி வந்தப்பறம் வராதீங்க்கா. வலி இல்லாதப்பவே வந்து காட்டிட்டுப் போங்க. குழந்தைக்கும் இது நம்ம எடம்னு பழகும்" என்பீர்கள். துணி எடுக்கக் காந்திபுரம் வரும்போதெல்லாம் மாடி ஏறுவது எங்களுக்கு வழக்கமாயிற்று. ராத்திரி பல் விளக்காமல் எங்கள் வீட்டில் யாரும் படுத்ததில்லை. ஸ்டெல்லாவின் அப்பா கண்மூடும்வரை தன் சொந்தப் பல்லால்தான் கறி தின்றார்.

ஸ்டெல்லா இப்போது சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மருமகனுக்கும் காது கேளாது. பேரனுக்கு நன்றாகக் கேட்கும், வாய் ஓயாது.

ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களாமே. உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்க ஆள் இருந்தார்களா? போதும் என்று நீங்கள் சொன்னபோது நிறுத்தினார்களா? தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேனே.

பேரனின் பல்லை, உங்களிடம் வேலை பழகி இப்போது உங்கள் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரிடமே காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். உங்களுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அதனால் ஸ்டெல்லாவின் அப்பா கல்லறையில், அவருடையதற்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒன்று ஏற்றுவேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய உங்களுக்கு அதில் ஆட்சேபணை இருக்காது. ஒவ்வொரு வருஷமும் ஏற்றுவேன். எனக்குப் பிறகு ஸ்டெல்லா ஏற்றுவாள், சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா,
ஸ்டெல்லாவின் அம்மா ரோசாலி